விண்வெளிக்குச் சென்ற பந்தயக் கடிகாரம்

நேரம் காட்டும் கடிகாரத்தையும், வேண்டும்போது ஓடவிட்டு நிறுத்தக்கூடிய நிறுத்துகடிகாரத்தையும் ஒரே கூட்டுக்குள் இணைத்த கருவி குரோனோகிராஃப் எனப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் ஒமேகா நிறுவனம் 1957ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்பீடுமாஸ்டர் இவ்வகையைச் சேர்ந்தது. ஸ்புட்னிக் விண்ணில் ஏவப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்றாலும், கார்ப் பந்தயக்காரர்களையும் பொறியாளர்களையும் மனத்திற்கொண்டு உருவான அக்கடிகாரத்தின் வடிவமைப்பில் விண்வெளி பற்றிய எண்ணம் எதுவும் இருக்கவில்லை. குறித்த தொலைவைக் கடக்க ஆன நொடிகளிலிருந்து வேகத்தை நேரடியாகப் படித்தறிய உதவும் டேக்கிமீட்டர் என்ற அளவுகோலை, முகப்பில் அச்சிடாமல் கண்ணாடியைச் சுற்றிய வளையத்தில் பொறித்ததே அதன் புதுமையாக இருந்தது.

அதனுள் இருந்த 321 என்னும் இயந்திரம் லெமானியா நிறுவனத்தில் 1942ஆம் ஆண்டளவில் வடிவமைக்கப்பட்டது. தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டிய அந்த இயந்திரத்தில், முள்ளை ஓடவிடுதல், நிறுத்துதல், தொடக்கத்துக்குத் திருப்புதல் ஆகிய மூன்று செயல்களையும் சிறு தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு சக்கரம் நெறிப்படுத்தியது.

1962 அக்டோபர் 3 அன்று மெர்க்குரித் திட்டத்தின் சிக்மா 7 கலத்தில் பூமியைச் சுற்றிவந்த வால்ட்டர் ஷிரா தமது சொந்த ஸ்பீடுமாஸ்டரை அணிந்து சென்றார். எனினும் இக்கடிகாரத்தின் வரலாற்றை உண்மையில் தீர்மானித்தது, 1964இல் நாசா தொடங்கிய தேர்வே ஆகும். விண்வெளி வீரர்களின் பொறுப்பாளராக இருந்த டீக் ஸ்லேட்டன் நம்பகமான கைக்கடிகாரம் ஒன்று வேண்டுமெனக் கேட்க, பொறியாளர் ஜேம்ஸ் ரேகன் பல நிறுவனங்களின் குரோனோகிராஃப்களைக் கோரிப் பெற்றார். அவற்றுள் மூன்று மட்டுமே முழுச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. 71 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரமும், அதைத் தொடர்ந்து 93 டிகிரியில் அரை மணி நேரமும் வைத்தல், உறைகுளிர், வெற்றிடம், தூய ஆக்சிஜன், 240 மணி நேர ஈரப்பதம், புவியீர்ப்பைப் போல் 40 மடங்கு வலிமை கொண்ட அதிர்ச்சிகள், 130 டெசிபல் பேரொலி என அச்சோதனைகள் நீண்டன. வெப்பத்தில் ஒன்றின் முள் வளைந்தது. மற்றொன்றின் கண்ணாடி உருக்குலைந்தது. ஸ்பீடுமாஸ்டரும் பழுதின்றி மீளவில்லை: சில சோதனைகளில் அது பல நிமிடங்கள் முந்தியும் பிந்தியும் ஓடியது, முகப்பின் ஒளிர்பூச்சும் கெட்டது. ஆனால் அது ஓடிக்கொண்டே இருந்தது என்பதே தேர்வாளர்களுக்குப் போதுமானதாக இருந்தது. 1965 மார்ச் 1 அன்று, மனிதர் செல்லும் விண்வெளிப் பயணங்கள் அனைத்துக்கும் தகுதியானதாக அது அறிவிக்கப்பட்டது.

இந்தத் தேர்வில் கவனிக்கத்தக்கது, விண்வெளிக்கென எதையும் புதிதாகச் செய்விக்காமல், கடையில் விற்கும் பொருள்களிலிருந்தே நாசா தேர்ந்தெடுத்தது என்பதாகும். மேல்மூடி நொறுங்கும் கண்ணாடியாக இல்லாமல் அக்ரிலிக் பிளாஸ்டிக்காக அமைந்தது தற்செயலான நன்மையாயிற்று. ஏனெனில், எடையின்மையில் மிதக்கும் கண்ணாடிச் சில்லுகள் கண்ணிலோ மூச்சுக்குழலிலோ புகக்கூடும்.

1965 ஜூனில் எட்வர்ட் ஒயிட் ஜெமினி 4 கலத்தைவிட்டு வெளியேறி மிதந்தபோதும், 1969 ஜூலையில் பஸ் ஆல்ட்ரின் நிலவின் தரையில் நடந்தபோதும் இக்கடிகாரம் அவர்களுடைய கையில் இருந்தது. நீல் ஆம்ஸ்ட்ராங் தமது கடிகாரத்தை நிலவுக்கலத்தின் உள்ளேயே விட்டுச் சென்றதால், நிலவின் தரையை முதலில் அடைந்த கைக்கடிகாரம் என்ற பெருமை ஆல்ட்ரினுடையதைச் சேர்ந்தது. பிற்காலத்தில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்ட வழியில் அது காணாமற்போனது, விண்வெளி வரலாற்றுக்கு நேர்ந்த ஈடுசெய்ய இயலாத இழப்பு.

நிலவில் நடந்ததைவிட 1970 ஏப்ரலில் அப்போலோ 13 பயணத்தில் ஆற்றிய பணியே இக்கருவியின் பயனைத் தெளிவாக நிறுவியது. ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்ததால் ஜேம்ஸ் லோவெல், ஜாக் சுவைகெர்ட், ஃபிரெட் ஹேய்ஸ் ஆகிய மூவரும் நிலவுக்கலத்தில் தஞ்சம் புகுந்தனர். மின்சாரத்தைச் சேமிக்க வழிகாட்டும் கணினியும் அணைக்கப்பட்டிருந்தது. பூமியின் வளிமண்டலத்துள் சரியான கோணத்தில் நுழைவதற்குப் பாதையைச் சற்றே திருத்த வேண்டியிருந்த நிலையில், நிலவுக்கலத்தின் இறங்கு இயந்திரத்தை 14 நொடிகள் மட்டும் இயக்க முடிவாயிற்று. சாளரத்தின் வழியே தெரிந்த பூமியைக் குறியாகக்கொண்டு லோவெலும் ஹேய்ஸும் கலத்தின் திசையை நிலைநிறுத்த, சுவைகெர்ட் தமது ஸ்பீடுமாஸ்டரைப் பார்த்து நொடிகளைக் கணக்கிட்டார். ஏப்ரல் 17 அன்று மூவரும் பசிபிக் பெருங்கடலில் பத்திரமாக இறங்கினர். அதே ஆண்டு அக்டோபரில் விண்வெளி வீரர்கள் வழங்கும் வெள்ளி ஸ்னூப்பி விருது ஒமேகாவுக்கு அளிக்கப்பட்டது.

குறையே நேராத கருவி என்று இதனைப் போற்றுவது மிகையாகும். 1971இல் அப்போலோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட்டின் கடிகாரத்து மேல்மூடி நிலவின் தரையில் கழன்றுபோனதால், மூன்றாம் நடைக்கு அவர் தம்மிடமிருந்த புலோவா குரோனோகிராஃபை அணிய நேர்ந்தது. அந்தப் புலோவா 2015இல் 16 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம்போனது. 1968இல் 321 இயந்திரத்தின் இடத்துக்கு 861 வந்தது. 2019இல் 3861 அறிமுகமானது. இயந்திரங்கள் மாறினாலும், கையால் சாவி கொடுக்கும் முறையும் அக்ரிலிக் மூடியும் கொண்ட வடிவத்தை ஒமேகா இன்றும் தயாரித்து வருகிறது.