அரை லிட்டர் தண்ணீரும் ஒரு பழைய வாளும்

சிவகாசி அச்சகங்களில் தாள் வெட்டும் கட்டிங் மெஷினின் பிளேடைக் கையால் எவ்வளவு அழுத்தினாலும் கண்ணுக்குத் தெரிய வளையாது. கோயில் திருவிழாவில் சிலம்பக்காரர் சுழற்றும் சுருள் வாளோ இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அளவுக்குத் துவளும். முன்னது விறைப்பான எஃகு, பின்னது இளகிய எஃகு என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. வளைய மறுக்கும் குணத்தில் எஃகு வகைகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. கரியைக் கூட்டினாலும் குறைத்தாலும், காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் தோய்க்காவிட்டாலும் அந்த விறைப்பு பெரிதாக மாறுவதில்லை.

மாறுவது வடிவம். தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் அதே எடைக்கு எட்டு மடங்கு வளையும். நீளத்தை இரட்டிப்பாக்கினாலும் எட்டு மடங்கு. அகலத்துக்கு இந்த வீரியம் கிடையாது; பாதியானால் இரண்டு மடங்கு, அவ்வளவே. ஆகவே, நுனி பிடியைத் தொடும்படி ஒரு வாள் வளைந்தது என்று யாராவது பெருமை பேசினால், அது மெல்லியது, நீளமானது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கொல்லரின் கைவண்ணம் தெரிவது, வளைந்த வாள் நேராகத் திரும்புவதில். வளையும்போது அலகின் வெளிப்புறம் நீள்கிறது; மெல்லிரும்பு ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டாலே ஏறத்தாழ அதன் எல்லை வந்துவிடும். தாண்டினால் கோணல் நிலைத்துவிடும். தோய்த்து, பிறகு அளவான சூட்டில் பதப்படுத்திய எஃகு அதைப்போல நாலைந்து மடங்கும் அதற்கு மேலும் தாங்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இது தெரிந்திருந்தது. 1786-ல் குதிரைப்படைக்காக 10,000 வாள்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது, வந்தவற்றை ஓர் இயந்திரத்தில் வளைத்துச் சோதித்தார்கள். 36 அங்குல அலகு 29½ அங்குலமாகக் குறுகும்வரை வளைப்பார்கள். பர்மிங்காம் வாள் பட்டறைக்காரர் தாமஸ் கில் அனுப்பிய 2,650 வாள்களில் தேறாதவை 4. ஜெர்மன் வாள்கள் 1,400-ல் 28. மற்ற ஆங்கிலேயப் பட்டறைகள் தந்த 2,700-ல் 1,084! கணக்குப் போட்டுப் பார்த்தால், 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலகின் வெளிப்புறம் அந்த வளைவில் ஆயிரத்துக்கு ஆறு பங்கு நீள்கிறது. ஆயிரம் வாள்கள் தோற்றதில் வியப்பில்லை.

1799-ல் அதே கம்பெனி பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணைப் பாளையத்தையும் பறித்துக்கொண்டது. 1801 டிசம்பரில் பாளையங்கள் ஆயுதம் வைத்திருக்கவே தடை வந்தது. இன்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பேர்போன அந்த வட்டாரத்தில், தப்பிப் பிழைத்த வாள் ஒன்று உங்கள் வீட்டுப் பூசையறையில் இருந்தால், அதன் வளைவை வீட்டிலேயே அளக்கலாம்.

முதலில் ஸ்டீல் ஸ்கேலில் பழகுங்கள். 1 மி.மீ. தடிமன், 25 மி.மீ. அகலமுள்ள ஸ்கேலை மேசை ஓரத்தில் இறுக்கி, 25 செ.மீ. வெளியே நீட்டி, நுனியில் 100 கிராம் தொங்கவிட்டால் சுமார் ஒன்றேகால் செ.மீ. தாழும். 200 கிராமுக்கு இரண்டரை. எடை கூடும் அளவுக்கே வளைவும் கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678-ல் எழுதியது இதைத்தான்.

வாளுக்கும் இதே முறைதான், ஆனால் பிடியை இறுக்கக் கூடாது. நம் நாட்டு வாள்களில் அலகைப் பிடிக்குள் அரக்கு வைத்து ஒட்டுவது வழக்கம். அரக்கு விட்டால் பிடி ஆடும், அளவும் பொய்யாகும். பிடியை ஒட்டிய அலகை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே, துணி சுற்றி, ஜி கிளாம்ப் போட்டு மட்டமாகப் படுக்க வையுங்கள். அலகின் உயரத்தை ஒரு கோட்டால் குறித்துவிட்டு, 60 செ.மீ. தள்ளி அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டுங்கள். பொதுவான வாள் ஒன்று ஒரு செ.மீ. அளவில் இறங்கும். பாட்டிலை எடுத்தபின் பழைய கோட்டுக்கே வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வராவிட்டாலும்தான்.

கம்பெனிக்காரன்போல வளைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். தென்னாட்டில் மூசையில் உருக்கிய எஃகில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரி இருக்கும். கூர்மை நிற்கும், ஆனால் பாஸ்பரஸ் கலந்திருந்தால் வளையாமல் படக்கென்று முறியும். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம்.

இன்னொன்று: நூறாண்டு தாண்டிய பொருளை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது. துருவைச் சாணையில் தேய்த்து எடுக்காதீர்கள். அலகின் மேல் உள்ள பழைய வரி, முத்திரை எல்லாம் அதோடு போய்விடும்.