கொய்யா, மிளகாய் உப்பு, 45 மில்லி ரம்

ஆவடிப் பக்கம் ஒரு வீட்டு அலமாரியில் ரம் பாட்டில் இருந்தால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. 1961இல் டாங்கித் தொழிற்சாலை வந்த ஊர் இது. விமானப்படை நிலையம், ராணுவ உடைத் தொழிற்சாலை என்று சீருடைக்காரர்களோடு வளர்ந்தது. நானும் ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்று, பட்டாபிராமில் வீடு கட்டிக்கொண்டவன். ராணுவக் கேன்டீன் கார்டில் கிடைக்கிற கோட்டாவில் நான் பெரும்பாலும் எடுப்பது டார்க் ரம்.

எனக்கு வருத்தம் தருவது, நம் ஆட்கள் அதைக் குடிக்கிற விதம். தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துப் பிளாஸ்டிக் டம்ளரில் பீய்ச்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் உள்ளே தள்ளிவிட்டு, ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொள்கிறார்கள். கசப்பு மருந்தைக் குழந்தை விழுங்குவது போலத்தான் இருக்கிறது. ருசி பிடிக்காத ஒன்றை எதற்காகக் குடிக்க வேண்டும்? ஓல்டு மாங்க் போன்ற ரம், ஏழு வருடம் மரப்பீப்பாயில் கிடந்து வருகிறது. முகர்ந்து பாருங்கள்: வெல்லப்பாகு, வெனிலா, கொஞ்சம் கருகிய சர்க்கரை. அதை மூடி மறைக்க கோலா வேண்டாம். எடுத்துக்காட்ட ஒரு பழமும் ஓர் எலுமிச்சையும் போதும்.

எங்கள் வீட்டில் அந்தப் பழம் கொய்யா. தள்ளுவண்டியில் நான்காகக் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் தடவித் தருவார்களே, அந்தச் சுவையை அப்படியே கோப்பைக்குள் கொண்டுவருவதுதான் என் கணக்கு.

நன்றாகப் பழுத்த சிவப்புக் கொய்யா ஒன்றை நறுக்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு மிக்ஸியில் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து அரைக்கக் கூடாது. விதை உடைந்தால் சாறு நறநறவென்று ஆகிவிடும். வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து இறக்கினால் கெட்டியான சாறு கிடைக்கும். கொய்யாவில் பெக்டின் அதிகம் என்பதால் அது கூழாகத்தான் நிற்கும், பயப்பட வேண்டாம்.

அதில் 90 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். 45 மில்லி ரம், 15 மில்லி எலுமிச்சைச் சாறு, 15 மில்லி நாட்டுச் சர்க்கரைப் பாகு சேருங்கள். பாகுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. கரைந்ததும் வடிகட்டி, முழுக்க ஆறவிட வேண்டும். எலுமிச்சையை அப்போதே பிழியுங்கள். அது இல்லாவிட்டால் இந்தக் கலவை வெறும் இனிப்புத் தண்ணீர். ஒரு சில்லு இஞ்சியைத் தட்டிப் போட்டால் ரம்மின் சூட்டோடு சேர்ந்து தொண்டையில் நிற்கும்.

குலுக்குவதற்குத் தனிப் பாத்திரம் வாங்கத் தேவையில்லை. அகல வாய் உள்ள எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் போதும். ஐஸ் கட்டிகளைப் பாதிவரை போட்டு, எல்லாவற்றையும் ஊற்றி, இறுக மூடி, பாட்டிலுக்கு வெளியே வியர்க்கும்வரை குலுக்குங்கள். பதினைந்து விநாடி ஆகும். ஐஸ் கொஞ்சம் உருகிக் கலப்பதும் செய்முறையில் ஒரு பகுதி; அந்தத் தண்ணீர்தான் காரத்தை அடக்குகிறது. டம்ளர் விளிம்பில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்து, மிளகாய் உப்பில் கவிழ்த்தெடுத்து, அதில் ஊற்றுங்கள்.

இந்த டம்ளருக்குள் வந்து சேர்ந்திருப்பவற்றை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்புதான். சர்க்கரையைப் படிகமாக்கும் வித்தை இந்தியாவிலிருந்து மேற்கே போனது. கரும்பை 1493இல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோனார். அங்கே அடிமைகளின் ரத்தத்தில் விளைந்த தோட்டங்களில், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சிய கழிவுப்பாகிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ரம் பிறந்தது. கொய்யாவும் மிளகாயும் அமெரிக்க மண்ணிலிருந்து கப்பலேறி நம்மிடம் வந்தவை. கரும்பின் கதை அதோடு நிற்கவில்லை. கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் டி. எஸ். வெங்கட்ராமன் காட்டுக் கரும்போடு நல்ல கரும்பை ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய ரகங்கள், இந்தியா முழுக்கவும் கடல் தாண்டியும் பயிராயின. ரம்மை வெள்ளைக்காரன் சரக்கு என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

கலந்து குடிப்பதும் இங்கே பழையதுதான். மதராஸ் கோட்டையைச் சுற்றி, சாராயத்தில் எலுமிச்சையும் சர்க்கரையும் மசாலாவும் கலந்து விற்ற கடைகள் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே இருந்தன.

அளவைப் பற்றி நான் கறாராகப் பேசுவேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருமுறை குடித்துப் பார்த்துவிட்டு, "சார், இதுல சரக்கு இருக்கா இல்லையா?" என்றான். "இருக்குப்பா, அதனாலதான் மெதுவா குடிக்கச் சொல்றேன்" என்றேன். பழம் சாராயத்தை மறைத்துவிடும், ஆபத்து அங்கேதான். ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 45 மில்லியில் ஏறக்குறைய 15 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. உடம்பு அதைக் கரைக்க இரண்டு மணி நேரம்போல ஆகும். வண்டி ஓட்டச் சட்டம் வைத்திருக்கும் எல்லை, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ள ஆளை இந்த ஒரே கோப்பை அந்த எல்லையைத் தாண்ட வைத்துவிடலாம். அதனால் கண்ணளவு கூடாது. 15, 45 என்று கோடு போட்ட பெக் மெஷர் வாங்கிவையுங்கள். என் வீட்டில் ஆளுக்கு ஒன்று, சாப்பாட்டோடு. வண்டியில் வந்தவருக்கும், மாத்திரை சாப்பிடுகிறவருக்கும், 21 வயது ஆகாத பிள்ளைகளுக்கும் ரம் இல்லாமல் நன்னாரி சர்பத் விட்ட அதே கொய்யாச் சாறு. என் மனைவி எப்போதும் கேட்பது அதைத்தான். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம்.

இன்னொன்று. வீட்டில் செய்வது என்றால் கலப்பது மட்டும்தான். காய்ச்சுவதோ, சீல் இல்லாத பாட்டிலை வாங்குவதோ கிடையாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

கொய்யா கிடைக்காத நாட்களில் அன்னாசி. கேரளத்தின் வாழக்குளத்துப் பழம் கோயம்பேட்டுக்கு வரும். அடிப்பக்கம் முகர்ந்தால் மணக்க வேண்டும். அதே அளவுகள், பாகை மட்டும் பாதியாக்குங்கள். குலுக்கும்போது அன்னாசிச் சாறு தானாக நுரை கட்டும். போர்ட்டோ ரிகோவின் கரீபே ஹில்டன் ஓட்டலில், ஓல்டு மாங்க் பிறந்த அதே 1954இல் உருவானதாகச் சொல்லப்படும் பினா கொலாடாவும் அன்னாசி, தேங்காய், ரம் சேர்ந்ததுதான். அந்த ருசி வேண்டுமென்றால் தேங்காய்ப்பால் டின் வாங்காமல், தேங்காயைத் துருவி முதல் பால் 30 மில்லி பிழிந்து சேருங்கள். எலுமிச்சையைச் சில சொட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், புளிப்பு கூடினால் பால் திரியும். இதைக் கலந்து வைத்துக் காத்திருக்காமல் அப்போதே பரிமாறிவிட வேண்டும்.