எண்ணும் கோலமும்

நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா. அதன் உயரம் 2637 மீட்டர். இவ்வெண்ணைப் பழந்தமிழ் எண்முறையில் ௨௲௬௱௩௰௭ என எழுதலாம். இன்று காற்புள்ளி இட்டு 2,637 என எழுதுகிறோம். எழுதும் கோலம் மாறுவதால் மலை ஓர் அங்குலமேனும் உயர்வதில்லை, தாழ்வதுமில்லை. எண்ணின் மதிப்பு வேறு. அதனை எழுதும் கோலம் வேறு. இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்தும்.

கணிப்பொறியில் கட்டளைகளைத் தட்டெழுதி வேலை வாங்கும் முறை ஒன்று உண்டு. அம்முறையில் பயன்படும் கருவிகளுள் ஒன்று ‘ஆக்’ என்பது. ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்னும் அறிஞர் மூவர் 1977-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதனை உருவாக்கினர். அவர்தம் பெயர்களின் முதலெழுத்துகளே கருவியின் பெயராயின. கோப்பினை வரிவரியாகப் படித்து, வேண்டிய பத்தியை எடுத்துக் கணக்கிடுதல் இதன் தொழில்.

தொட்டபெட்டாவின் உயரத்தை அடியாக மாற்ற, 2637-ஐ 0.3048-ஆல் வகுக்க வேண்டும். விடை 8651.5748 என மேலும் நீண்டு செல்லும். புள்ளிக்குப்பின் இரண்டு இலக்கம் போதுமென்றால் 8651.57 என்றும், முழு எண் போதுமென்றால் 8652 என்றும் கருவி எழுதித் தரும். எத்தனை இலக்கம் வேண்டும், பத்தியின் அகலம் எவ்வளவு என்பவற்றைக் கட்டளையிலேயே குறிக்கலாம்.

காற்புள்ளி இடுதலோ நாட்டுக்கு நாடு வேறுபடும். நாம் 12,34,567 என எழுதுவதை ஆங்கிலேயர் 1,234,567 என எழுதுவர். ஜெர்மானியர்க்குக் காற்புள்ளியே தசமப் புள்ளி. ஆகவே 1,250 என்பதனை அவர் ஒன்றேகால் என்றே கொள்வர். குனூ கருவித் தொகுப்பில் எண்ணின் கோலத்தை அமைப்பதற்கென்றே ஒரு தனிக்கருவி 2013-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. அது காற்புள்ளி இடும் வழக்கத்தைத் தானாக முடிவு செய்வதில்லை. கணிப்பொறியில் உள்ள வட்டார வழக்குக் குறிப்பைப் பார்த்தே இடும். இந்தியத் தமிழுக்குரிய குறிப்பில், வலப்புறம் முதலில் மூன்றிலக்கமும் பின்னர் இவ்விரண்டிலக்கமுமாகப் பிரிக்க விதி உண்டு.

இவ்வசதிகளை எங்கே பயன்படுத்துவது என்பதில் விழிப்பு வேண்டும். கோத்தகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் உடைய ஒருவர் நாளொன்றுக்கு 12.4 கிலோ பசுந்தேயிலையை நிறுத்துக் கொடுக்கிறார் எனக் கொள்வோம். 25 நாள்களில் அது 310 கிலோ ஆகும். பார்வைக்கு அழகாயிருக்கட்டும் என்று நாள்தோறும் 12 என முழுமையாக்கிப் பதிந்து கூட்டினால் 300 கிலோவே வரும். ஓர் இலையும் சிந்தவில்லை, எவரும் திருடவில்லை, எனினும் 10 கிலோவுக்கு உரிய பணம் அவர் கைக்கு எட்டாது.

காற்புள்ளியும் இவ்வாறே இடர் தரும். 1,250 எனக் காற்புள்ளியுடன் பதிந்து வைத்ததை ‘ஆக்’ மீண்டும் படித்துக் கூட்டுமாயின், காற்புள்ளிக்கு முன் நின்று, அதனை 1 என்றே கொள்ளும்.

ஆதலின் பதிவேட்டில் எண் உள்ளபடியே இருத்தல் வேண்டும். கூட்டலும் பெருக்கலும் முடிந்த பின்னரே, படிப்போர் வழக்கத்திற்கேற்ற கோலத்தை அதற்கு அளித்தல் வேண்டும். கோலம் படிப்போர்க்கு உதவுவது; மதிப்பு உழைத்தோர்க்கு உரியது. முன்னதற்காகப் பின்னதைக் குறைத்தல் முறையன்று.