சாலையைவிடத் தாழ்ந்த குளியலறை: கழிவுநீர் ஏன் திரும்பி வருகிறது?

2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் வெள்ளம் நின்றது. இத்தகைய நாட்களில் தாழ்ந்த குளியலறைக்குள் தண்ணீர் வாசல் வழியாக மட்டும் வருவதில்லை, தரைச் சல்லடை வழியாகவும் கொப்பளித்து ஏறும். வெளியே மேன்ஹோலில் நீர் நிற்கும் உயரம்வரை, இணைந்த குழாயிலும் ஏறுவது நீரின் இயல்பு. சல்லடைக்குக் கீழே உள்ள டிராப் என்னும் வளைவில் தேங்கும் 50 மில்லிமீட்டர் நீர் துர்நாற்றத்தைத்தான் தடுக்கும். ஏறிவரும் நீரின் அழுத்தத்தைத் தாங்காது. கடற்கரை ஊர்களில் நிலத்தடி அறைகள் குறைவுதான். ஆனால் சாலை உயர உயரப் பள்ளத்தில் சிக்கிய பழைய வீடுகளுக்கும் இதே கதி.

ஆகவே குளியலறைக்கு டைல்ஸ் வாங்குமுன், நீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்துச் சாலைக்கும் தரைக்கும் மட்டம் பாருங்கள். 100 மில்லிமீட்டர் கழிவுக்குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி சரிவு நல்லது. அது கிடைத்தாலும், தரை சாலையைவிடத் தாழ்ந்திருந்தால் ஆபத்து நீங்காது. நான்-ரிட்டர்ன் வால்வு போதாதா என்று கேட்கலாம். அது வெளிநீரைத் தடுக்கும், உண்மை. ஆனால் மூடியிருக்கும்போது நம் வீட்டுக் கழிவும் வெளியேற வழியில்லை. மாடியில் குளித்த தண்ணீர் கீழே பொங்கும். முடிச்சே அங்கேதான். எனவே மாடிக் குழாய்களைத் தனியே, தானாக வடியும்படி பிரித்துவிட வேண்டும். தாழ்ந்த அறையின் கழிவை மட்டும் மூடிய தொட்டியில் சேர்த்து, கழிவுநீர் பம்பால் சாலை மட்டத்துக்கு மேலே ஏற்றி வளைத்து இறக்கலாம். மழையில் மின்சாரம் போகுமே என்ற அச்சம் நியாயமானது. பம்பு நின்றால் அந்த ஓர் அறையைப் பூட்டி வைக்கலாம். மாடிக் கழிவு அதில் வந்து சேராததால், வீட்டுக்குள் சாக்கடை பொங்காது.