சிலிண்டர் அடுப்பைச் சாண எரிவாயுவுக்கு மாற்றலாமா?

வீட்டில் சாண எரிவாயுக் கலன் அமைத்ததும், ஏற்கெனவே உள்ள சிலிண்டர் அடுப்பையே அதற்கும் பயன்படுத்த விவசாயிகள் பலர் விரும்புகின்றனர். ஆனால் டியூபை மட்டும் மாற்றிச் செருகினால் அடுப்பு சரியாக எரியாது. முறையாக மாற்றிய அடுப்போ மீண்டும் சிலிண்டருக்கு உதவாது. இதை மறந்தால் ஆபத்து நேரும்.

இரண்டும் ஒன்றல்ல

சாண எரிவாயுவில் மீத்தேன் 55 முதல் 65 சதம் வரை உள்ளது. மீதி பெரும்பாலும் கரியமில வாயு. ஒரு கன மீட்டர் சாண எரிவாயு தரும் வெப்பம், அதே அளவு சிலிண்டர் வாயு தருவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. அழுத்தமும் குறைவு. சிலிண்டர் ரெகுலேட்டர் சுமார் 30 செ.மீ. நீர் அழுத்தத்தில் வாயுவை விடுகிறது. மிதக்கும் டிரம் கலனில் கிடைப்பது சுமார் 10 செ.மீ. தான்.

ஜெட்டும் பர்னரும்

ஆகவே அதே வெப்பம் பெற ஜெட் துளையின் விட்டம் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருக்க வேண்டும். ஆணியாலோ கம்பியாலோ துளையைக் குடைதல் கூடாது. அடுப்பு பழுது பார்ப்பவரைக் கொண்டு சாண எரிவாயுவுக்குரிய ஜெட்டைப் பொருத்துவதே முறை. இவ்வாயு மெதுவாக எரியும் தன்மையது. பர்னர் துளைகள் சிறிதாயின் சுவாலை மேலெழும்பி அணைந்துவிடும். எனவே பர்னரையும் மாற்ற வேண்டும்.

காற்றின் அளவு

ஒரு பங்கு சிலிண்டர் வாயு முழுமையாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று தேவை. சாண எரிவாயுவுக்குச் சுமார் 6 பங்கு போதும். சுவாலை எழும்பினால் காற்றுத் துளையைச் சற்று மூடவும். மஞ்சளாக எரிந்தால் சற்றுத் திறக்கவும். நீலச் சுவாலை பர்னரில் ஒட்டி நிற்பதே சரியான நிலை. காற்றைக் கூட்டிக் குறைக்க வசதியில்லாத அடுப்பை மாற்ற முயல வேண்டாம்.

பாதுகாப்பு

புதிய கலனில் முதலில் சேரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். பற்ற வைத்தால் வெடிக்கலாம். அதை நெருப்பில்லாத திறந்தவெளியில் வெளியேற்றிவிட வேண்டும். குழாய் இணைப்புகளில் கசிவு உள்ளதா எனச் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்த்தல் கூடாது. சிலிண்டர் வாயு தரையில் படியும். சாண எரிவாயு காற்றைவிட இலேசானது, கூரையடியில் தேங்கும். ஆகவே சமையலறைச் சுவரின் மேற்பகுதியில் காற்றுப் போக்கி அவசியம்.

மீண்டும் சிலிண்டரில் இணைக்காதீர்

குளிர் மாதங்களில் சாண எரிவாயு உற்பத்தி குறையும். அப்போது மாற்றிய அடுப்பைச் சிலிண்டரில் இணைக்கவே கூடாது. துளையின் விட்டம் இரண்டரை மடங்கானால் பரப்பு ஆறு மடங்காகும். வாயுவும் அதே அளவில் பாயும். சுவாலை ஆபத்தான அளவு உயர்ந்து எழலாம். முழுமையாக எரியாத வாயுவிலிருந்து மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் உண்டாகும்.

எனவே இரு வாயுக்களுக்கும் தனித்தனி அடுப்பு வைத்துக்கொள்வதே சிறந்தது. ஐ.எஸ். 8749 தர எண் கொண்ட சாண எரிவாயு அடுப்பின் விலையை முதலில் விசாரிக்கலாம். ஜெட், பர்னர், கூலி மூன்றையும் கூட்டி அதனோடு ஒப்பிட்டபின் முடிவு செய்வது நலம்.