இரண்டு கேபிள், ஒரே பாதை



கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதிய காலம் போய், கணிப்பொறி பில் போடும் காலம் இது. கடைக் கணிப்பொறியும் கிடங்குக் கணிப்பொறியும் பேசிக்கொள்வது நெட்வொர்க் சுவிட்ச் என்னும் சிறு பெட்டியின் வழியாக. கடையில் ஒன்று, கிடங்கில் ஒன்று வைத்து, இடையே ஒரே ஒரு கேபிள் இழுத்திருப்போம். அதை எலி கடித்தால் இருப்பும் தெரியாது, பில்லும் ஓடாது.

எங்கள் மளிகைக் கடையில் அப்படி நடந்தது. கேபிளை மாற்றிய கையோடு, துணைக்கு இன்னொரு கேபிளையும் நாங்களே இரு சுவிட்ச்களிலும் செருகினோம். சில நொடிகளில் எல்லாக் கணிப்பொறிகளும் நின்றுவிட்டன. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை! மாலை வரை துண்டுச்சீட்டில் கணக்கெழுதிச் சமாளித்தோம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவாகப் போகும் தகவல் ஒரு கேபிளில் போய் மற்றதில் திரும்பி வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி வழியையே அடைத்துவிடும். சாதாரண சுவிட்சுக்கு இதைத் தடுக்கத் தெரியாது.

இதற்குரிய முறையான வழி 'லிங்க் அக்ரிகேஷன்'. இரண்டு கேபிளும் ஒரே பாதை என்று இரு சுவிட்ச்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் அது. இதற்கான பொது விதி 2000ஆம் ஆண்டில் ஐஇஇஇ 802.3ஏடி என்ற பெயரில் வந்தது, 2008இல் 802.1ஏஎக்ஸ் ஆயிற்று. இரு முனைகளும் பேசி ஒத்துக்கொள்ளும் முறைக்கு எல்ஏசிபி என்று பெயர்.

கவனிக்க வேண்டியவை:

1. எல்ஏசிபி வசதி உண்டா என்று கேட்டே சுவிட்ச் வாங்குங்கள். மலிவான சாதாரண சுவிட்சில் இது கிடையாது.

2. முதலில் இரு சுவிட்ச்களிலும் அமைப்பை முடியுங்கள். பிறகே இரண்டாவது கேபிளைச் செருகுங்கள்.

3. ஒரு முனையாவது 'ஆக்டிவ்' என்றிருக்க வேண்டும். இரண்டும் 'பாசிவ்' என்றால், யார் முதலில் பேசுவது என்று இரண்டுமே காத்திருக்கும்.

4. இரு கேபிளும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஆனால் ஒரே குழாயில் கொண்டுபோகாதீர்கள். எலி இரண்டையும் சேர்த்தே கடிக்கும்.

5. வேலை முடிந்ததும் ஒரு கேபிளைப் பிடுங்கிப் பில் போட்டுப் பாருங்கள். அதைத் திரும்பச் செருகி, மற்றதைப் பிடுங்கிப் பாருங்கள். அதன் பிறகே கூலி கொடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேகம் இரட்டிப்பாகும் என்று விற்பவர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கணிப்பொறியின் ஒரு வேலை ஒரு கேபிளில்தான் போகும். பல கவுண்டர்கள் ஒரே நேரத்தில் ஓடும்போதுதான் சுமை பிரியும். சுவிட்ச் பெட்டியே பழுதானால் இரண்டு கேபிளும் உதவாது.

நமக்குக் கிடைக்கும் லாபம் வேகமல்ல. ஒன்று அறுந்தாலும் வியாபாரம் நிற்காது என்ற நிம்மதி. பண்டிகைக் கூட்டம் வருமுன், கடை மூடிய பிறகு ஒரு நாள் இரவில் இவ்வேலையை முடித்துக்கொள்வது நல்லது.