அப்புத்தளை ஏற்றமும் மூவகை ஆற்றலும்

ஒரு கருவியின் தகுதியை அக்கருவியை மட்டும் நோக்கித் துணிதல் பொருந்தாது. அது தொழிற்படும் நிலத்தையும், அதனைக் கையாளும் மாந்தரின் நிலையையும், அதற்குரிய செலவையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். பெற்றோல், டீசல், மின்கல அடுக்கு என்னும் மூன்றனுள் எது சிறந்தது என்ற வினா இன்று எங்கும் எழுகின்றது. சமவெளி நகரில் அதற்குக் கிடைக்கும் விடை மலைநாட்டிற்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ளுதல் தவறு. ஊவா மாகாணத்து அப்புத்தளையை நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்தல் பயனுடையதாகும்.

அப்புத்தளை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், இருபுறமும் பள்ளத்தாக்கு விழும் ஒடுங்கிய மலைமுகட்டில் அமைந்தது. சேர் தோமஸ் லிப்டன் நிறுவிய தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை 1890ஆம் ஆண்டில் எழுந்தது. புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையை அடைந்து, 1924இல் பதுளையிற் சென்று முடிந்தது. நாற்பத்துநான்கு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றங்களையுடைய இப்பாதையில் நீராவி எந்திரங்கள் நெடுங்காலம் உழைத்தன. கனடாவிலிருந்து 1954இல் டீசல் மின் எந்திரங்கள் வந்தன. அவற்றில் டீசல் எந்திரம் சில்லுகளை நேரே சுழற்றுவதில்லை. அது மின்னாக்கியை இயக்க, அங்குப் பிறக்கும் மின்சாரமே மோட்டார்களின் வழியாகச் சில்லுகளைச் சுழற்றுகின்றது. ஆகவே டீசலும் மின்சாரமும் ஒன்றற்கொன்று பகையல்ல என்னும் உண்மையை இம்மலைப்பாதை முன்னரே காட்டிவிட்டது எனலாம்.

இனி, மூன்றின் இயல்பையும் முறையே நோக்குவோர்க்குச் சில வேறுபாடுகள் புலனாகும். ஜேர்மனியைச் சேர்ந்த நிக்கோலவுஸ் ஓட்டோ 1876இல் அமைத்த நாலடிப்பு எந்திரத்தின் வழிவந்ததே இற்றைப் பெற்றோல் எந்திரம். அதில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை மின்பொறியால் தீப்பற்றும். ருடோல்ப் டீசல் 1892இல் காப்புரிமை கோரி, 1897இல் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய எந்திரத்திலோ பொறி இல்லை. காற்று மட்டும் மிகையாக அமுக்கப்பெற்றுச் சூடேறும். அச்சூட்டினுள் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். அமுக்கம் மிகுந்திருத்தலின் வினைத்திறனும் மிகும். எரிபொருளின் ஆற்றலிற் கால்பங்கு அளவே பெற்றோல் வண்டி பயன்படுத்த, டீசல் வண்டி மூன்றிலொரு பங்கையும் அதற்குச் சற்று மேலும் பயன்படுத்த வல்லது. மெல்லச் சுழலும்போதே மிக்க முறுக்குவிசை தருதலால், பாரமேற்றி மலையேறும் லொறிக்கும் பஸ் வண்டிக்கும் டீசலே உரியதாயிற்று.

எனினும் மலையுயரம் இவ்விரு எந்திரங்களுக்கும் ஒரு குறையை விளைக்கின்றது. அப்புத்தளையிற் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதினும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு குறைவு. எரிதற்கு வேண்டும் ஒட்சிசன் குறையவே, வலுவும் அந்த அளவிற்குக் குறையும். காற்றை அமுக்கி உட்செலுத்தும் துணைக்கருவி பூண்ட எந்திரங்கள் இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்யும். அஃதில்லாப் பழைய வண்டிகள் ஏற்றத்தில் திணறிக் கரும்புகை கக்கும். மின்மோட்டாருக்கோ காற்று வேண்டுவதில்லை. ஆதலின் கொழும்பில் உள்ள வலு அப்புத்தளையிலும் அதற்கு உண்டு.

மின்சாரத்தைச் சேமித்து மீட்டும் பெறுங்கலம் புதிதன்று. பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே 1859இலேயே ஈய அமிலக் கலத்தை அமைத்தார். அது பாரமிக்கது. இலிதியம் அயன் கலம் 1991இல் விற்பனைக்கு வந்த பின்னரே மின்வண்டி மெய்யாகப் பயன்படத் தொடங்கியது. அதற்கு அடிகோலிய மூவர்க்கு 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் எடையளவில் இது டீசலுக்கு நிகராகாது. ஒரு கிலோகிராம் டீசல் எந்திரத்தின் இழப்புகள் போக நான்கு கிலோவாற்று மணிக்கு மேற்பட்ட வேலையைத் தரும். ஒரு கிலோகிராம் மின்கல அடுக்கு ஏறத்தாழ அதன் இருபதிலொரு பங்கே தரும். மறுபுறத்தில், அடுக்கில் உள்ள மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கிற்கு மேல் சில்லுகளைச் சேரும். கணக்கிட்டால், சிறு வண்டியொன்றில் ஒரு லீற்றர் பெற்றோல் செய்யும் வேலையை ஏறத்தாழ இரண்டரை அலகு மின்சாரம் செய்துவிடும். பெற்றோலின் விலையையும் தம் வீட்டு மின்பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு இவ்வொரு கணக்கே போதுமானது.

ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பத்துத் தொன் எடையுள்ள லொறியொன்று வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை, பெரகல வழியாக அப்புத்தளைக்கு ஏறுமாயின், அது ஏறத்தாழ 1,200 மீற்றர் உயர்கின்றது. அப்பாரத்தை மேலே தூக்குதற்கு மட்டும் ஏறத்தாழ 33 கிலோவாற்று மணி ஆற்றல் வேண்டும்; அஃதாவது ஒன்பது அல்லது பத்து லீற்றர் டீசல். அதே லொறி அதே பாரத்துடன் இறங்கும்போது அவ்வளவு ஆற்றலும் திரும்ப வெளிப்படும். டீசல் லொறியில் அஃது எரிபொருளாக மாறாது. தடுப்புகளிற் சூடாகி வீணாகும். சூடு மிகுந்தால் தடுப்புகள் பிடி தளரும். இக்காரணம் பற்றியே தாழ்ந்த கியரிற் பூட்டி, எந்திரத்தாலும் வேகத்தை அடக்கி இறங்குதல் வேண்டுமென மலைப்பாதைச் சாரதிகள் வற்புறுத்துவர்.

மின்வண்டி இறங்கும்போதோ, மோட்டாரே மின்னாக்கியாக மாறி வேகத்தை அடக்கி, ஆற்றலிற் பெரும்பகுதியை அடுக்கிற் சேர்க்கும். ஆயினும் ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. மலையுச்சியில் அடுக்கை முற்றாக நிரப்பிக்கொண்டு இறங்கினால், மீளும் மின்சாரத்தைக் கொள்ள அதில் இடமிராது. தடுப்பின் சுமை முழுவதும் பழையபடி சில்லுகளிலேயே விழும். எனவே அப்புத்தளையில் ஐந்தில் நான்கு பங்கு நிரப்பி இறங்குதலே அறிவுடைமை.

தேயிலை மலையிற் பயன்படும் கைக்கருவிகளை இனி நோக்குதல் தகும். கிளைபோசேற்று என்னும் களைகொல்லி இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. மருந்தில்லாத காலத்தில் களையைக் கையாலோ புல்வெட்டும் எந்திரத்தாலோ அகற்றுவதன்றி வேறு வழியில்லை. தோளிற் கொளுவும் இவ்வெந்திரங்களிற் பல ஈரடிப்பு வகையின. எண்ணெய் கலந்த பெற்றோலில் இயங்கும் அவை, எரிபொருளின் ஒரு பகுதியை எரியாமலே வெளித்தள்ளும். அப்புகை முதலிற் சேர்வது அதனைச் சுமக்கும் தொழிலாளியின் நெஞ்சில். இரைச்சல் காதையும் அதிர்வு கைந்நரம்பையும் தாக்கும். மின்கருவியிற் புகையில்லை, இரைச்சலும் அதிர்வும் குறைவு.

ஆனால் எடையின் கணக்கு இங்கும் தொடர்கின்றது. ஒரு மணி நேரம் கடும்புல் வெட்டுதற்குப் பெற்றோல் அரைக் கிலோகிராம் போதும். அதே வேலைக்கு மின்கல அடுக்கு ஆறேழு கிலோகிராம் வேண்டும். செங்குத்தான மலையில் நாள் முழுதும் வேலை செய்யப் பல அடுக்குகளைச் சுமந்து ஏறுதல் இயலாது. ஆகவே கவ்வாத்துக் கத்தரி, மருந்து தெளிக்கும் கருவி, சிறு கொழுந்து வெட்டி முதலிய மெல்லிய வேலைக்கு மின்கலமும், கடும்புல்லுக்கு இப்போதைக்குப் பெற்றோலும் எனப் பிரித்துக்கொள்ளுதல் பொருத்தம். பெற்றோல் கருவி பிடிப்போர்க்குக் காதடைப்பும் கையுறையும் இடையிடையே ஓய்வும் அளித்தல் நிருவாகத்தின் கடன்.

இவ்வாராய்ச்சி வெறுங்கணக்கன்று என்பதை 2022ஆம் ஆண்டு உணர்த்திற்று. அந்நியச் செலாவணி வற்றவே எரிபொருள் இறக்குமதி தடைப்பட்டது. யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாகவும், டீசல் 460 ரூபாவாகவும் உயர்ந்தன. அத்தியாவசிய சேவைகள் தவிர ஏனையோர்க்கு விற்பனையும் சில நாட்கள் நிறுத்தப்பட்டது. பின்னர் வந்த பங்கீட்டு முறையில் முச்சக்கர வண்டிக்கு வாரத்திற்கு ஐந்து லீற்றரே முதலிற் கிடைத்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இலேயே ஆயிரம் ரூபாவை எட்டியிருந்தது. அதிற் பாதியளவு ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஈடாயிற்று. லயத்திலிருந்து நோயாளியையும் கருவுற்ற தாயையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது பெரும்பாலும் முச்சக்கர வண்டியே. அது நின்றால் மலையிறங்க வேறு துணையில்லை. எனவே எவ்வாற்றல் என்னும் வினா ஈண்டு உயிர்க்காவலைப் பற்றிய வினாவுமாகும்.

மின்சாரம் அத்துன்பத்திற்கு முற்றும் புறம்பானது என எண்ணுதலும் கூடாது. அதே ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. நுரைச்சோலையில் எரிவதும் இறக்குமதி நிலக்கரியே. ஆயினும் மின்சாரத்திற்கு ஊற்று ஒன்றன்று, பல. ஊவாவின் நீரைக்கொண்டே 120 மெகாவாற்று ஆக்கும் உமா ஓயாத் திட்டம் 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது. அதன் சுரங்கம் குடையப்பட்டபோது பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. மின்சாரத்திற்கும் ஒருவர் விலை கொடுக்கின்றனர் என்பதை அது நினைவூட்டும். தொழிற்சாலைக் கூரைகளில் அமையும் சூரியத் தகடுகள் அத்தகைய இடரின்றிப் பயன்தரும். ஆனால் பனிமூடிய நாட்களில் அவற்றின் விளைவு குறையும்.

தொகுத்து நோக்கின் முடிபு தெளிவாகும். நெடுந்தூரம் பாரமேற்றிச் செல்லும் லொறிக்கும் மின்தடைக்காலத்து மின்னாக்கிக்கும் டீசல் இன்னும் வேண்டப்படும். ஆனால் டீசற்புகை புற்றுநோய் விளைப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகாமை 2012இல் வகுத்துரைத்தமையால், அதனை மூடிய இடத்தில் இயக்குதல் ஆகாது. மலையிலிருந்து தொழிற்சாலைக்குக் குறுந்தூரம் சென்று இரவிற் கொட்டகையில் நிற்கும் கொழுந்து லொறிக்கும், நகருக்கும் தோட்டத்திற்கும் இடையே ஓடும் முச்சக்கர வண்டிக்கும் மின்கலமே சாலப் பொருந்தும். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீளத் திறந்தமையால் அதற்கு வழியும் பிறந்துள்ளது. எனினும் அடுக்கின் முதல்விலை பெரிது. அதனை நாட்கூலி பெறுவோர் தனித்துத் தாங்குதல் அரிது. கூட்டுறவுச் சங்கங்களின் எளிய கடனும், லயங்களின் அருகே மின்னேற்றும் இடமும் அமைதல் வேண்டும்.

ஏற்றத்தில் எரிபொருளை விழுங்கும் அதே மலை, இறக்கத்தில் ஒரு பங்கைத் திருப்பித்தரவும் வல்லது. அதனைப் பெற்றுக்கொள்ளும் கருவியையும், அக்கருவியை வாங்கும் வலிமையையும் மலையில் உழைப்போர்க்கு எட்டச் செய்தலே இனிச் செய்யத்தக்கது.